பி.யூ.சி.யை நாங்கள் மூடிய விதம்

ஒரு கல்லூரியில் ஒரு வகுப்பை மூடுகிறார்கள் என்றால் தண்டோரா போட்டு மூடுவார்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பூட்டு வாங்கிக் கதவில் தொங்கவிடுவதும் இல்லை. முதலில் மேலிடத்திலிருந்து ஒரு காகிதம் வரும். பிரின்சிபால் அதைப் படித்துவிட்டு ஓரத்தில் ஒரு சுழி போட்டு ஆபீசுக்கு அனுப்புவார். ஆபீசில் அது ஒரு கோப்பாகும். பிறகு பெஞ்சு போகும், தராசு போகும், அமிலப் புட்டிகள் போகும், கடைசியில் ஆள் போகும். எல்லாம் போய் முடிய இரண்டு மூன்று வருஷம் பிடிக்கும். அதற்குள் அப்படி ஒரு வகுப்பு இருந்ததே ஊருக்கு மறந்துவிடும்.

சங்கரன்கோவிலில் ராஜபாளையம் சாலையில் இருந்த எங்கள் கல்லூரியில் பி.யூ.சி. என்கிற புகுமுக வகுப்பு அப்படித்தான் மூடப்பட்டது. அந்தக் கோப்பு என் கையில் இருந்தது. என் பெயர் ராமசுப்பு. தேர்வுப் பிரிவில் எழுத்தர். என் மேசையிலிருந்து போன காகிதம் எதுவும் திருத்தத்துக்காகத் திரும்பி வந்ததில்லை என்று பதினொரு வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தவன். இந்தப் பெருமையை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. நடந்ததற்கெல்லாம் அதுதான் காரணம்.

பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரிக்கு வருகிறவர்கள் பட்டப் படிப்புக்கு முன்னால் ஒரு வருஷம் பி.யூ.சி. படிக்க வேண்டும். எழுபத்தெட்டில் பள்ளிகளில் பிளஸ் டூ வந்ததும் அந்த ஒரு வருஷத்துக்கு வேலை இல்லாமல் போயிற்று. எழுபத்தொன்பது ஏப்ரலில் கடைசி செட் பரீட்சை எழுதியது. ஜூனில் கல்லூரி திறந்தபோது ஐந்து வகுப்பறைகளில் புறா முட்டையிட்டிருந்தது. அதுவரை தொண்டை கட்டும்படி கத்திக்கொண்டிருந்த ஆசிரியர்கள் ஓய்வறையில் ஒரே பத்திரிகையை நாலு பாகமாகப் பிரித்துப் படித்தார்கள்.

பெயிலானவர்களை மட்டும் நட்டாற்றில் விட முடியாது அல்லவா? அவர்களுக்காகப் பல்கலைக்கழகம் ஒரு சலுகை கொடுத்தது. வருஷத்துக்கு இரண்டு தடவை பழைய பாடத்திட்டப்படி பரீட்சை நடத்துவோம், எண்பத்தொன்று அக்டோபர்தான் கடைசி, அதற்குப் பிறகு பி.யூ.சி. என்று ஒரு பரீட்சை கிடையாது என்றார்கள். அதாவது அந்த அக்டோபருக்குள் பாஸ் செய்யாதவன் தலைகீழாக நின்றாலும் இனி பாஸ் செய்ய முடியாது.

அப்படிப் பாக்கி நின்றவர்களில் ஒருவன் மூக்காண்டி. எங்கள் கல்லூரியின் முதல் பி.யூ.சி. செட்டில் படித்தவன். எல்லாப் பாடத்திலும் பாஸ் செய்து இங்கிலீஷில் மட்டும் கோட்டைவிட்டான். அப்போதிருந்த பிரின்சிபால் இரக்கப்பட்டு அவனைக் கெமிஸ்ட்ரி லேபில் அட்டெண்டராக வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஏப்ரல், அக்டோபர் இரண்டுக்கும் அவன் இங்கிலீஷ் எழுதினான். பி.யூ.சி. பிள்ளைகளுக்குப் பரிசோதனைக்கான உப்புப் பொட்டலம் மடித்துக் கொடுப்பான், பிறகு அவர்களோடு உட்கார்ந்து பரீட்சை எழுதுவான். அவர்கள் பாஸாகி, பட்டம் வாங்கி, அதே லேபுக்கு ஆசிரியராக வந்து, "மூக்காண்டி, அந்தப் புட்டியை எடு" என்று சொன்னதும் உண்டு. அவன் முகம் கோணாமல் எடுத்துக் கொடுப்பான்.

எண்பத்தொன்று ஏப்ரலில் எங்கள் கல்லூரியில் பி.யூ.சி. எழுத மூன்றே பேர் இருந்தார்கள். ராயகிரிப் பெண் ஒருத்தி, சிவகிரிப் பையன் ஒருவன், மூக்காண்டி. பரீட்சை அறையில் அரை மணிக்கு ஒரு தடவை மணியடிக்க வேண்டும். மணியடிக்கிற ஆளே மூக்காண்டிதான். வேறு ஒருவரைப் போட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அவனே எழுந்து வராந்தாவுக்குப் போய் அடித்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து எழுதினான். மேற்பார்வைக்கு இருந்த உதவி பிரின்சிபால் ரசூல் சார் வெளியே வந்து, "இது ரூல்படி சரியா வே?" என்று என்னிடம் கேட்டார். ரூலில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை என்று சொன்னேன்.

ராயகிரிப் பெண் பாஸானாள். சிவகிரிப் பையன் முடிவு வருவதற்கு முன்பே பம்பாய்க்குப் போய்விட்டான். மூக்காண்டிக்கு முப்பத்துமூன்று மார்க். முப்பத்தைந்து எடுத்தால் பாஸ். "மணியடிக்கப் போகாம இருந்திருந்தா அந்த ரெண்டு மார்க்கு வந்திருக்கும்லே" என்று நான் கேலி செய்தேன். அவன் சிரிக்கவில்லை.

சிரிக்கும் நிலையில் அவன் இல்லை என்பது ஜூலையில்தான் எனக்குப் புரிந்தது. பி.யூ.சி. லேபுக்கு இருந்த மூன்று அட்டெண்டர் வேலைகளையும் எடுத்துவிடுவது என்று நிர்வாகக் குழு தீர்மானம் போட்டது. ஒருவருக்கு ஓய்வு வயது வந்துவிட்டது. இன்னொருவர் லேப் சாமான்களோடு சாமானாக மேல்நிலைப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியது மூக்காண்டி. பிரின்சிபால் அவனைக் கூப்பிட்டு, என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்.

"இங்கே பாருப்பா. ஆபீசில் ரெக்கார்ட் கிளார்க் இடம் ஒன்று இருக்கிறது. அதற்கு பி.யூ.சி. பாஸ் வேண்டும். அக்டோபரில் நீ பாஸ் செய்தால் அந்த இடம் உனக்கு. இல்லாவிட்டால் மார்ச் முப்பத்தொன்று உன் கடைசி நாள். என்னால் இவ்வளவுதான் முடியும்."

"சரி சார்" என்றான் மூக்காண்டி. வெளியே வந்ததும், "பத்து வருசமா வராத இங்கிலீஷ் மூணு மாசத்துல வந்துருமா அண்ணாச்சி?" என்று என்னிடம் கேட்டான். அவனுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. மனைவி இசக்கித்தாய் வீட்டில் பீடி சுற்றுவாள். இரண்டு பெண் குழந்தைகள். இந்த வேலை போனால் இந்த ஊரில் அவனுக்கு இன்னொரு வேலை கிடைக்காது, அவனுக்குத் தெரிந்த வேலை உப்புப் பொட்டலம் மடிப்பது.

இங்கிலீஷ் வந்தது. அதுதான் ஆச்சரியம். சாமான் எல்லாம் போய் வெறும் கூடாக நின்ற லேபில் உட்கார்ந்து சாயந்திரம் ஆறு மணி வரை உரக்கப் படிப்பான். சுவருக்கு இந்தப் பக்கம் ஆபீசில் எங்களுக்குத் தலைவலி வரும். ரசூல் சார் பழைய கேள்வித்தாள் ஒன்றைக் கொடுத்து எழுதவைத்துத் திருத்திப் பார்த்தார். நாற்பத்துநான்கு. எனக்கு நம்பிக்கை இல்லாமல் நானும் ஒரு தடவை கூட்டிப் பார்த்தேன். நாற்பத்துநான்குதான்.

இனி எங்கள் ஆபீஸ் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோமதியம்மன் கோயில் ஆடித்தபசுத் திருவிழா வந்துவிட்டால் சங்கரன்கோவிலில் எந்த ஆபீசும் ஆபீசாக இருக்காது. கொடியேறியதிலிருந்து பன்னிரண்டு நாள், ஊரில் கால் வைக்க இடமிருக்காது. ஆபீசில் பாதிப் பேர் வீட்டில் விருந்தாளிகளைக் காரணம் காட்டி வரமாட்டார்கள். தபாலாபீசில் வரிசை தெருவுக்கு வந்துவிடும். அதனால் அந்த நாட்களில் அனுப்ப வேண்டிய அறிக்கைகளையெல்லாம் கொடியேற்றத்துக்கு முன்பே எழுதி அனுப்பிவிடுவோம். பட்டியலில் சேர்க்க யாருமில்லை என்று தெரிந்தால் 'இல்லை' என்று எழுதி அனுப்பிவிட வேண்டியது. வெளியூர்ப் பல்கலைக்கழகத்துக்கு இந்தச் சூட்சுமம் தெரியாது. எங்கள் கல்லூரி எதையும் தேதிக்கு முன்பே அனுப்புகிறது என்று அவர்கள் எங்களைப் பாராட்டிக் கடிதம்கூட எழுதியிருக்கிறார்கள்.

அக்டோபர் பரீட்சைக்கு விண்ணப்பம் வாங்கக் கடைசி நாள் தபசு முடிந்த பிறகு வந்தது. நான் வழக்கப்படி கொடியேற்றத்துக்கு முதல் நாளே பி.யூ.சி. பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டேன். ராயகிரிப் பெண், பாஸ். சிவகிரிப் பையன், பம்பாய். வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை. 'விண்ணப்பதாரர் இல்லை' என்று தட்டச்சு செய்து, பிரின்சிபாலிடம் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் பசைப் புட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவன் மூக்காண்டி. அவனிடமே உறையைக் கொடுத்து ரிஜிஸ்டர் தபாலில் சேர்க்கச் சொன்னேன். அவன் வரிசையில் ஒரு மணி நேரம் நின்று சேர்த்துவிட்டு, ரசீதைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தான்.

அவன் பெயர் எனக்கு ஏன் நினைவு வரவில்லை என்று பிறகு பல நாள் யோசித்திருக்கிறேன். விண்ணப்பதாரர் என்றால் எனக்கு வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்கள். உள்ளே நிற்கிறவன் ஆபீஸ் ஆள். சுவர்க் கடிகாரத்தைப் போல, பீரோவைப் போல. பத்து வருஷம் பழகினால் மனுஷன் சாமானாகிவிடுகிறான். இது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவனுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அக்டோபர் பரீட்சை விண்ணப்பத்தை முன்கூட்டியே பூர்த்தி செய்து மடியில் வைத்துக்கொள்வான். தபசுக் காட்சி அன்று அதைக் கோமதியம்மன் சந்நிதியில் வைத்து வாங்கிய பிறகே ஆபீசில் கொடுப்பான். அம்மனே ஊசி முனையில் ஒற்றைக் காலில் தவம் நின்றுதான் கேட்டதை வாங்கினாள், நான் ஒரு பாஸ் வாங்க இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்பான். முந்தைய வருஷங்களில் வேறு விண்ணப்பதாரர்களும் இருந்ததால் அந்தப் பட்டியல் மட்டும் கடைசி நாளில்தான் போகும், அதனால் இது இடித்ததில்லை. இந்தத் தடவை நான் முந்திக்கொண்டேன். அவன் பிந்தி வந்தான்.

தபசு முடிந்து, சுதந்திர தினமும் ஞாயிற்றுக்கிழமையும் கழிந்து திங்கட்கிழமை காலையில் அவன் என் மேசைக்கு வந்தான். அதுதான் கடைசி நாள். விண்ணப்பத்தில் குங்குமம் ஒட்டியிருந்தது.

"இந்தாங்க அண்ணாச்சி. இந்தத் தடவ அம்மன் கைவிட மாட்டா" என்றான்.

தப்பு என்ன என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது. அப்போதே, "ஏலே, ஒரு பெசகு நடந்துபோச்சுலே" என்று சொல்லியிருக்கலாம். விண்ணப்பத்தை வாங்கி, முத்திரை குத்தி, ரசீதும் கொடுத்தேன். அவன் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, லேபுக்குப் போய் உரக்கப் படிக்க ஆரம்பித்தான்.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு மதுரைக்குப் போனேன். பல்கலைக்கழகத்தில் எங்கள் கல்லூரி பி.யூ.சி. விவகாரத்தைப் பார்க்கிற அதிகாரி நல்ல மனிதர். உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டார். பிறகு நாங்கள் அனுப்பிய காகிதத்தை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"நீங்க இல்லைனு எழுதிட்டீங்க. நாங்க உங்க சென்டரையே எடுத்துட்டோம். அதனால என்ன, சேத்துக்கலாம். இது எங்க ஆபீஸ்ல நடந்த பிழை, அந்தப் பையன் மேல தப்பு இல்லைனு உங்க பிரின்சிபால் ஒரு லெட்டர் கொடுக்கணும். அடுத்த செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள்ள வேணும். அன்னிக்குத்தான் கேள்வித்தாள் எண்ணிக்கை அச்சுக்குப் போகுது."

அவ்வளவுதான். ஒரு கடிதம், ஒரு கையெழுத்து. ஆறு நாள் தவணை. பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு லேசாகத்தான் இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றபோது இறங்கி ஒரு டீ குடித்தேன். டீ குடிக்கும்போதுதான் ஞாயிற்றுக்கிழமை நினைவு வந்தது.

எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு நானும் கணக்குப் பிரிவுக் காளிராஜும் போட்டி. ஞாயிற்றுக்கிழமை நிர்வாகக் குழு கூடி முடிவு செய்யப் போகிறது. காளிராஜுக்குக் குழுவில் சொந்தக்காரர்கள் உண்டு. எனக்கு இருந்தது ஒன்றே ஒன்று, பிழை இல்லாதவன் என்ற பெயர். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் 'எங்கள் ஆபீசில் நடந்த பிழை' என்று ஒரு கடிதம் பிரின்சிபால் மேசைக்குப் போனால் அந்தப் பெயரும் காலி.

நான் கணக்குப் போட்டேன். ஞாயிறு குழு. திங்கள் காலையில் பிரின்சிபாலிடம் சொல்லிக் கையெழுத்து. செவ்வாய் நானே மதுரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். மூக்காண்டிக்கு ஒரு நஷ்டமும் இல்லை, எனக்கும் இல்லை. கடிதத்தை வியாழக்கிழமையே அடித்து மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டேன். இதில் என்ன பாவம் என்று என்னை நானே கேட்டுக்கொண்டேன். பதிலும் நானே சொல்லிக்கொண்டேன்.

மூக்காண்டியிடம் மட்டும் பாதியைச் சொன்னேன். "ஒன் அப்ளிகேசன்ல ஒரு சிக்கல் இருக்குலே. மதுரைக்குப் போயிப் பேசிட்டு வந்திருக்கேன். பாத்துக்கிடலாம்."

"என்ன சிக்கல் அண்ணாச்சி?"

"அது ஆபீஸ் விசயம். நீ படி."

அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. தனக்காக ஒருவர் லீவு போட்டு மதுரை வரை போய்வந்தார் என்பதே அவனுக்குப் பெரிதாகப் பட்டது. அன்று சாயந்திரம் இசக்கித்தாய் சின்னப் பிள்ளையை இடுப்பிலும் பெரியதைக் கையிலுமாகக் கல்லூரி வாசலுக்கு வந்து என்னைக் கும்பிட்டாள். "ஒங்க புண்ணியத்துலதான் இவுக தலையெடுக்கணும் அண்ணாச்சி" என்றாள். நான் சைக்கிளை வேகமாக மிதித்துப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குழு கூடியது. சாயந்திரம் ஐந்து மணிக்கு என்னை உள்ளே கூப்பிட்டுச் சூப்பிரண்டு என்று சொன்னார்கள். குழுவின் செயலாளர், "ராமசுப்பு டேபிள்ல தப்புங்கிற பேச்சுக்கே எடமில்ல" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். காளிராஜ் கைகொடுத்தான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், மிகவும் சந்தோஷமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் கடிதத்தை எடுத்துக்கொண்டு பிரின்சிபால் அறைக்குப் போனேன். அறை பூட்டியிருந்தது. பி.யூ.சி. போன இடத்தில் பி.காம். வாங்கிவிட வேண்டும் என்று செயலாளர் முடிவு செய்து, குழு முடிந்த கையோடு பிரின்சிபாலையும் கூட்டிக்கொண்டு மெட்ராசுக்கு ரயிலேறிவிட்டார். வியாழக்கிழமைதான் வருவார்கள். ஒரு வகுப்பு போனால் இன்னொரு வகுப்பு வர வேண்டும் அல்லவா, அது நிர்வாகத்தின் கவலை.

ரசூல் சாரிடம் போனேன். அவர் கடிதத்தைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இத எப்பம் அடிச்சீரு?"

"வியாழக்கிழமை சார்."

"வியாழக்கிழமையிலருந்து நேத்து சாயந்தரம் வரைக்கும் பிரின்சிபால் இங்கனதான இருந்தாரு?"

நான் தலையாட்டினேன். அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. பிரின்சிபால் கையெழுத்துத்தான் அங்கே செல்லும், என் கையெழுத்துக்கு மதிப்பில்லை, இருந்தாலும் போடுகிறேன் என்று சொல்லிப் போட்டுக்கொடுத்தார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

செவ்வாய்க்கிழமை மறுபடி மதுரை. அதிகாரி கடிதத்தைப் பார்த்தார். "பிரின்சிபால் எங்கே?" என்றார். மெட்ராஸ் என்றேன். வியாழக்கிழமை அவரே நேரில் வருவார் என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், அறையைவிட்டுப் போய் யாரிடமோ கேட்டுவிட்டு வந்தார். அவரால் செய்ய முடிந்ததைச் செய்தார் என்றுதான் சொல்ல வேண்டும்.

"முடியாது சார். ஒரு நாள் முந்தி வந்திருந்தாக்கூட போன்ல பேசி முடிச்சிருப்பேன். ஆறு நாள் கொடுத்தேனே."

பஸ்ஸில் மூன்றரை மணி நேரம். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். கரிவலம்வந்தநல்லூர் தாண்டுவதற்குள் முடிவு செய்துவிட்டேன். மறுநாள் காலையில் மூக்காண்டி லேப் ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது சொன்னேன்.

"யுனிவர்சிட்டியில ஒத்துக்கிடலலே. எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

அவன் துணியைக் கீழே வைத்தான்.

"ஏன் அண்ணாச்சி, பத்து வருசமா பெயிலானவனுக்கு என்னத்துக்குன்னு நெனச்சிட்டாகளோ?"

"ரூலு அப்படி."

"சரி அண்ணாச்சி. பெரிய எடம். அவுகளுக்கு நம்மள மாதிரி ஆயிரம் பேரு." பிறகு அவனே எனக்கு ஆறுதல் சொன்னான். "நீங்க ரெண்டு தடவ மதுரைக்கு அலைஞ்சீய. கூடப்பெறந்தவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்."

ரசூல் சார் அவனிடம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான் என்று விட்டுவிட்டார் போலிருக்கிறது. என்னோடு பேசுவதை மட்டும் குறைத்துக்கொண்டார்.

அக்டோபரில் எங்கள் கல்லூரியில் பி.யூ.சி. பரீட்சை நடக்கவில்லை. நான் பதிவேட்டில் சிவப்பு மையால் இரட்டைக் கோடு போட்டு, 'புகுமுக வகுப்பு முடிவுற்றது' என்று எழுதினேன். பி.காம். கிடைத்துவிட்டது. லேபுக்கு வெள்ளையடித்து, தட்டச்சு இயந்திரங்கள் வைக்க மேசை போட்டார்கள். அந்த மேசைகளைத் தூக்கிப் போட்டவர்களில் மூக்காண்டியும் ஒருவன். அவன் எப்போதும்போல இருந்தான். உரக்கப் படிப்பதை நிறுத்தியிருந்தான், அவ்வளவுதான். ரெக்கார்ட் கிளார்க் இடத்துக்குச் செயலாளர் சொன்ன ஆள் ஒருவர் வந்தார்.

மார்ச் முப்பத்தொன்று வந்தது. அவனை வேலையிலிருந்து விடுவிக்கும் உத்தரவைத் தயார் செய்வது சூப்பிரண்டு வேலை. நானே அடித்தேன், நானே அவனிடம் கொடுத்தேன். சாயந்திரம் எல்லாரும் போன பிறகு அவன் சாவிக் கொத்தைக் கொடுக்க வந்தான். மச்சினன் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் இருக்கிறான், வாசலில் காவலுக்கு ஆள் வேண்டுமாம், போய்ப் பார்க்கிறேன் என்றான். குடும்பம் இங்கேயே இருக்கட்டும், வாரத்துக்கு ஒரு நாள் வந்துபோகலாம் என்றான். சொல்லும்போது அவன் முகம் தெளிவாக இருந்தது. பட வேண்டியதைப் பட்டு முடித்துவிட்ட முகம்.

என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. ஏழு மாதமாக அவன் அண்ணாச்சி அண்ணாச்சி என்று கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் எனக்குச் சோறு இறங்கியதில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, முழுவதையும் சொன்னேன். அவன் பெயரை நான் மறந்தது, ஆறு நாள் தவணை, இழுப்பறையில் பூட்டி வைத்த கடிதம், ஞாயிற்றுக்கிழமை. எதையும் மறைக்கவில்லை.

"யுனிவர்சிட்டிக்காரங்க மேல ஒரு தப்பும் இல்லலே. நாந்தான். என்னைய மன்னிச்சிரு" என்றேன்.

மூக்காண்டி உட்காரவில்லை. கையிலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு நின்றான். திட்டுவான் என்று காத்திருந்தேன். ஓங்கி ஒரு அடி அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். உண்மையைச் சொன்னால், அடித்தால் தேவலை என்றிருந்தது.

"இத இப்பம் என்னத்துக்கு அண்ணாச்சி சொன்னீய?" என்றான்.

"மனசு கேக்கலலே."

"ஒங்க மனசு கேக்கல. சரி." அவன் குரல் உயரவில்லை. "மதுரையில இல்லன்னுட்டாகன்னு நான் ஆறிப் போயிருந்தேன். அது யாரோ, எவரோ. மொகம் தெரியாது. கோவப்படதுக்கும் ஆளு இல்ல. ராத்திரி படுத்தா ஒறக்கம் வந்துது. இனிமே கண்ண மூடுனா ஒங்க மொகம்லா வரும். அந்த நாப்பத்துநாலு மார்க்கு வரும். ஒங்க பாரம் எறங்கிட்டு. நான் இத எங்கன கொண்டு எறக்க?"

பதினொரு வருஷம் எல்லாக் கேள்விக்கும் கோப்பைப் பிரித்துப் பதில் சொன்னவன் நான்.

அவன் வாசல் வரை போய் நின்றான்.

"இசக்கித்தாய்கிட்ட சொல்ல மாட்டேன்" என்றான். "அவ செவ்வாக்கெழமைக்குச் செவ்வாக்கெழமை ஒங்க பேரச் சொல்லி வெளக்கு போடுதா. அவளுக்காவது நல்ல மனுசன்னு ஒருத்தர் இருக்கட்டும். நான் மட்டும் வச்சிக்கிடுதேன்."

சாவிக் கொத்தை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து போனான்.